ரிப்பீட்டர் திக்கிய மத்தியானம்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை அப்படியே ஓடவிடுவது என்னால் முடியாத காரியம். எங்கள் வீட்டு மிக்சி வாங்கிய அன்று போட்ட சத்தத்தைப்போல இரண்டு மடங்கு சத்தம் இப்போது போடுகிறது. அது நான் செய்த மேம்பாடு. அதற்குப் பிறகு என் மனைவி என்னை ஸ்க்ரூடிரைவரோடு சமையலறைக்குள் விடுவதில்லை. வெளியே விட்டாள். வெளியே என்னிடம் ஒரு ரிப்பீட்டர் இருந்தது.

நாங்கள் மூன்று பேர் பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். முறையான உரிமம் உண்டு, வீட்டில் மரியாதை கிடையாது. ஒருவர் வள்ளியூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இன்னொருவர் ஏரல்காரர், வளைகுடாவில் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர், நான் கூப்பிடுவது பாய் என்று. மூன்றாவது ஆள் நான்.

கையில் பிடிக்கும் சின்ன ரேடியோவின் குரல் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. உயரத்தில் ரிப்பீட்டர் என்ற பெட்டியை வைத்தால், அது அந்த மெல்லிய குரலைக் கேட்டு, கேட்ட அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். ஒரே நேரத்தில் அது கேட்கவும் வேண்டும், கத்தவும் வேண்டும். தன் கத்தலில் தன் காதே அடைத்துப் போகாமலிருக்க நடுவில் ஒரு வடிகட்டி வேண்டும். அதை விலைக்கு வாங்க வசதியில்லை. திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரப் பட்டறையில் முழங்கால் உயரத்துக்கு ஆறு செம்பு உருளைகள் செய்யச் சொல்லி, உள்ளே கம்பிகளை நானே பொருத்தினேன்.

"இதுல என்ன பொங்கப் போறீரு?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"காத்து" என்றேன். அவர் அதற்குமேல் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் கோயிலில் பெருங்கூட்டம் கூடும். குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அங்கே செல்போனில் மணி பார்க்கலாம், படம் எடுக்கலாம், பேச முடியாது. போகவர ஒரே சாலை. பாதி தூரத்துக்கு அதன் அகலம் ஒரு பஸ்ஸின் அகலம்தான். அதனால் கீழே செக்போஸ்ட் கேட்டில் பஸ்களை நிறுத்தி நிறுத்தித்தான் மேலே விட வேண்டும். போலீஸ் வயர்லெஸ்ஸுக்குக் கூட்டத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்ததால் பஸ் பேச்சை எங்கள் மூவரிடம் ஒப்படைத்தார்கள்.

அண்ணாச்சி தன் ஜீப்போடு கேட்டில். பாய் கைரேடியோவோடு கோயில் பக்கம். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறைமேல், ரிப்பீட்டருக்குக் காவல். எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பஸ்களை விடுமுன் அண்ணாச்சி "விடட்டா?" என்று கேட்பார். யாரும் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் விட்டுவிடுவார். மௌனம் என்றால் சம்மதம். கல்யாணம் பேசுகிற இடத்தில் செல்லுபடியாகும் விதியை மலைப்பாதைக்குக் கொண்டு வந்தது என் யோசனைதான்.

முந்தைய வாரம் நான் ரிப்பீட்டரை மேம்படுத்தியிருந்தேன். பத்து வாட்டாக இருந்த அதன் கத்தல் பலத்தை ஐம்பது வாட் ஆக்கினேன். "காது கிழியுதுவே" என்றார் பாய். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அமாவாசைக் காலையிலும் குறையொன்றும் இல்லை. மேகம் இருந்தது, காற்று குளிர்ச்சி, பஸ்கள் ஏறின, இறங்கின. நான் பாறைமேல் கால்நீட்டி உட்கார்ந்து புளியோதரை தின்றேன்.

மத்தியானம் மேகம் விலகிப் பாறை சுடத் தொடங்கியதும் ரிப்பீட்டர் திக்கியது.

"டக். பாம்பு. டக். டக். கண்ணு திற... டக். ஆம்புலன்ஸ். டக். பஸ்ஸ நிப்... டக். டக். டக்."

பாயின் குரல். என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது; புரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். வெயிலில் செம்பு விரிந்து வடிகட்டி இடம் தவறிவிட்டது. பாய் பேசுவது பெட்டிக்குக் கேட்கிறது. கேட்டதும் ஐம்பது வாட்டில் வாயைத் திறக்கிறது. திறந்ததும் தன் சத்தத்தில் தன் காது அடைத்துப்போய் வாயை மூடுகிறது. மூடியதும் மறுபடி கேட்கிறது. பத்து வாட்டில் இது நடந்திருக்காது.

பதறாத ஆள் என்ன செய்வான் என்று இப்போது என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். நான் முதலில் பெட்டியை ஓங்கி அறைந்தேன். பிறகு, செம்புக்கு நிழல் கொடுத்தால் ஆறும் என்று தோன்ற, இடுப்பு வேட்டியை உருவி உருளைகள்மேல் போர்த்தினேன். ஆறவில்லை. அரை டிராயரோடு குத்தவைத்து, உருளைகளின் கம்பிகளைத் திருகினேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நடுங்கும் கையால் திருகக்கூடாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது அந்தக் கம்பி. திக்கல் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெட்டி முழுச் செவிடாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் மௌனம் என்றால் சம்மதம் என்பது நினைவுக்கு வந்தது.

என்னிடம் இரண்டு கைரேடியோக்கள் இருந்தன. பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். ஒரு ரேடியோவைப் பெட்டி கேட்கும் அலைவரிசையில் வைத்தேன், இன்னொன்றைப் பெட்டி பேசும் அலைவரிசையில். இனி இடது கையில் கேட்டு வலது கையில் சொல்ல வேண்டும். பாயும் அண்ணாச்சியும் எதையும் மாற்றவேண்டியதில்லை. பெட்டி இருந்த இடத்தில் நான்.

"பாய், சொல்லும். நான்தான் கேக்கேன்."

"என்னவே, தூங்கிட்டீரா?" பாயின் குரல் இடது கையில் தெளிவாக வந்தது. "திசையன்விளைக்காரி, சின்ன வயசு. கூடாரத்துக்குப் பின்னால விறகு பொறுக்கப் போனவள நல்லபாம்பு கொத்தியிருக்கு. இங்கன கேம்ப் டாக்டரம்மா விஷமுறிவு ஊசி ஏத்திட்டாவ. ஆனா கண்ணு சொருகுது, மூச்சு குறையுது. மூச்சுக்கு மெஷின் கீழ பெரிய ஆஸ்பத்திரியிலதான். வண்டி தயாரா நிக்கி. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லும். வேற ஒண்ணும் சேக்காதேயும், சொன்னத மட்டும் சொல்லும்."

கடைசி வாக்கியம் எனக்குத் தேவைதான். எதைச் சொன்னாலும் பக்கத்தில் ஒரு கேலியை ஒட்டுவது என் பழக்கம். அன்று ஒட்டவில்லை. சொன்னதைச் சொன்னேன்.

அண்ணாச்சியின் பதில் இடது கையில் வந்தது. "நிப்பாட்டிட்டேன். ஆனா தம்பி, டக்குடக்குல ஒண்ணும் வெளங்கல. அது நின்னதும் 'விடட்டா'ன்னு கேட்டேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. மூணு பஸ் ஏறிட்டே."

பாயிடம் அதையும் சொன்னேன்.

"டாக்டரம்மா கேக்குதாவ. வண்டிய எடுக்கவா, வேண்டாமா?"

இதற்குப் பதில் அண்ணாச்சியிடமும் இல்லை, பாயிடமும் இல்லை. மூன்று பஸ்களும் எங்கே என்று பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது நான் மட்டும்தான். பாறையின் விளிம்புக்குப் போனால் கீழே சாலையின் ஒரு வளைவும், வளைவுக்கு மேலே பழைய குவார்ட்டர்ஸ் இருந்த வெட்டவெளியும் தெரியும். ஒரு பஸ் அகலப் பாதை முடிந்து வண்டிகள் ஒதுங்க முதலில் கிடைக்கும் இடம் அதுதான்.

"எடுக்கச் சொல்லும் பாய். பழைய குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்து நிக்கட்டும். பஸ்ஸ அங்கன ஒதுக்குதேன்."

சொல்லிவிட்டேன். எப்படி ஒதுக்குவது என்பது எனக்கே தெரியாது. பஸ்களில் ரேடியோ கிடையாது. இரண்டு ரேடியோக்களையும் டிராயர் பையில் செருகிக்கொண்டு, உருளைகள்மேல் கிடந்த வேட்டியைப் பிடுங்கி, விளிம்பில் நின்று வீசினேன். முதல் பஸ் வளைவில் திரும்பியது. நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. உச்சிப்பாறையில் அரை டிராயரோடு ஒரு ஆள், கையில் வெள்ளைத் துணி, வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். பஸ் வெட்டவெளியில் நின்றது. ஜன்னல்களிலிருந்து தலைகள்.

"அண்ணே, குதிச்சிராதீரு" என்று ஒரு பெண் குரல்.

"ஓய், பிள்ளைகுட்டிய நெனச்சுப் பாரும்" என்றார் டிரைவர், கீழே இறங்கி நின்று. இரண்டாவது பஸ்ஸும் பின்னால் வந்து, என்ன நடக்கிறது என்று பார்க்க நின்றது. அதற்குள் என் உயிரைக் காப்பாற்ற நாற்பது பேர் இறங்கிவிட்டார்கள்.

"நான் குதிக்கல. ஆம்புலன்ஸ் வருது. ஒதுங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவழியாகப் புரிந்தது. ஓரம்கட்டினார்கள். ஏமாற்றத்தோடு என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பஸ் வரவில்லை.

வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே கோயில் பக்கமிருந்து சைரன் சத்தம் நெருங்கியது. ஆம்புலன்ஸ் வெட்டவெளிக்கு வந்து நின்றது. இதற்குக் கீழேதான் ஒரு பஸ் அகலச் சாலை; அதில் எங்கேயோ ஒரு பஸ் இருக்கிறது.

"அண்ணாச்சி, ரெண்டுதான் வந்திருக்கு. மூணாவதக் காணல."

"நான் ஜீப்புல ஏறிப் பாக்குதேன்" என்றார் அவர். அறுபது வயதைத் தாண்டியவர். இரும்புக்கடையில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே யாராவது கை கொடுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸின் பின்கதவை யாரோ காற்றுக்காகத் திறந்தார்கள். மேலேயிருந்து எனக்கு ஒரு கால் தெரிந்தது. பாதத்தில் செம்மண்ணும் ஒரு வெள்ளி மெட்டியும். நர்ஸின் கை தெரிந்தது. ஒரு ரப்பர் பையை அமுக்குகிறது, விடுகிறது. அமுக்குகிறது, விடுகிறது. அந்தக் கைதான் அவளுடைய மூச்சு. அவளுடைய புருஷன் வண்டிக்கு வெளியே நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை தலை தூக்கி என்னைப் பார்த்தான். நான் சட்டென்று வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

இடது கை ரேடியோ கரகரத்தது. "இங்கன அவ தங்கச்சி நிக்கா. வண்டியில எடமில்லன்னு விட்டுட்டுப் போயிட்டாவ. எங்க வந்திருக்குன்னு கேக்கா."

"குவார்ட்டர்ஸ்ல நிக்கி."

"ஏன் நிக்கின்னு கேக்கா."

வாய்க்குள் பத்து பதில்கள் வந்தன. எல்லாமே என் தொழில்திறமையைக் காப்பாற்றும் பதில்கள். "ரோட்டுல ஒரு பஸ் நிக்கி. நான்தான் பாய் முதல்லயே கேக்காம விட்டுட்டேன். அண்ணாச்சி அத நகத்தப் போயிருக்காரு" என்றேன்.

அவர் அதை அவளுக்கு அப்படியே சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

நர்ஸ் கை மாற்றிக்கொண்டாள். வியர்வையில் என் விரல்கள் பொத்தானில் வழுக்கின. இந்த நேரத்தில் பாட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசித்ததும் பாட்டரி அளவைப் பார்த்தேன். பார்த்ததும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். பயந்தவனுக்குப் பயப்பட விஷயம் கிடைக்காமல் போவதில்லை.

"தம்பி." அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "ரேடியேட்டர் கொதிச்சு நிக்கான். தண்ணி ஊத்திட்டோம். ஆள எல்லாம் எறக்கிட்டேன். வண்டி பைய உருளுது. பின்னால நான் வாறேன்."

"பஸ் வருது" என்று கீழே பார்த்துக் கத்தினேன். புருஷன் வண்டிக்குள் ஏறினான். கதவு மூடியது. கையும் மெட்டியும் மறைந்தன.

பஸ் வளைவில் ஆவி கக்கிக்கொண்டு, நடக்கிற ஆளின் வேகத்தில் வந்தது. வெட்டவெளியில் இரண்டு பஸ்களுக்கும் நடுவே அது நுழைய இடம் போதவில்லை. முன்பு என்னைக் காப்பாற்ற இறங்கிய கூட்டம் இப்போது முதல் பஸ்ஸின் பக்கத்தில் நின்று "வரட்டும், வரட்டும், ஒடி, ஒடி" என்று டிரைவருக்கு வழிகாட்டியது. ஒரு கண்ணாடி உரசி உடைந்தது. ஆம்புலன்ஸ் இடுக்கில் புகுந்து வளைவில் இறங்கியது. வளைவில் அதற்கு முன்பே ஜீப்பைத் திருப்பி வைத்திருந்த அண்ணாச்சி முன்னால் போனார்.

"இப்ப எங்க வந்திருக்குன்னு கேக்கா" என்றார் பாய்.

"வளைவு தாண்டிட்டு. இனி என் கண்ணுக்குத் தெரியாது பாய்."

ஜீப் ரேடியோ எட்டும் தூரத்தைக் கடந்துவிட்டிருந்தது. ரிப்பீட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஐம்பது வாட்டுக்காக நான் சேர்த்திருந்த பெருக்கியைக் கழற்றிப் பாறையில் வைத்தேன். கம்பிகளைத் தொடவில்லை. பாய் நடுநடுவே "இருக்கீராவே?" என்று மட்டும் கேட்டார். "இருக்கேன்" என்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு இடது கையில் அண்ணாச்சி வந்தார். கேட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"ஆஸ்பத்திரியில எறக்கியாச்சு. மெஷின்ல போட்டிருக்காவ. உயிருக்கு மோசமில்லன்னு டாக்டர் சொல்லுதாரு."

வலது கையில் அதைச் சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுதா" என்றார் பாய்.

இன்னொரு தடவை சொன்னேன்.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

பிறகு அந்தத் தங்கச்சியே பேசினாள். பாய் ரேடியோவை அவள் வாயருகே பிடித்திருக்க வேண்டும். "அண்ணே, அக்கா கண்ணத் தொறந்துட்டாளா?"

அதை அண்ணாச்சி சொல்லியிருக்கவில்லை. கேட்டேன்.

"இல்ல" என்றார். "இன்னிக்கித் தொறக்க மாட்டா. நாளைக்கித் தொறப்பான்னு சொல்லுதாவ."

நாளைக்குத் திறப்பாளாம் என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் திறந்தாள்.