ராணி கதைக்குது

கண்ணுகளா, போன மாதம் ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைக்காரரிடம், "கயித்தைக் கொஞ்சம் லூசா விடுங்க" என்று நான் சொன்னதும், அந்தக் குதிரை தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா, உங்களுக்குக் குதிரை பாஷை தெரியுமா?" என்று பாப்பா கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வாயால் சொன்னால் முன்னும் பின்னும் குழப்பிவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி, நீயும் பொறுமையாகப் படி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெகதளாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மாமா வீடு. மாமா என் அம்மாவின் தம்பி. கொழுந்து லாரி ஓட்டினார். புதுசு புதுசாக ஏதாவது செய்து முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓயாத ஆசை. முதலில் முயல் வளர்த்தார். பிறகு காளான் போட்டார். முயல்கள் காளானைத் தின்றுவிட்டன. மூன்றாவதாக வந்தது குதிரை.

ஊட்டியில் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த பெண் குதிரை அது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. பெயர் ராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் வியூ பாயிண்டுக்கு வரும் டூரிஸ்டுகளை அதில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்பது மாமாவின் கணக்கு.

கணக்கு முதல் நாள் சாயங்காலமே தப்பிப்போனது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கெட்டி பிளாஸ்டிக் தாளைப் படங்கு என்போம். நடந்தால் சர்சர் என்று சத்தம் வரும். மூடுபனி இறங்கிய நேரத்தில் ஆட்கள் கண்ணுக்குத் தெரியுமுன் அந்தச் சத்தம்தான் முதலில் வரும், மலை பாவாடை கட்டிக்கொண்டு இறங்கி வருகிற மாதிரி. எனக்கு அது அம்மா வருகிற சத்தம். ராணிக்கு அது என்னவாகக் கேட்டதோ! கண் வெள்ளை தெரிய மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளை மிதித்துப் பாய்ந்து ஓடியது. நாலு பேர் சேர்ந்து பிடித்து வந்தார்கள்.

எஸ்டேட் மேஸ்திரி வந்து செடிகளைப் பார்த்தார். "இன்னொரு தடவை இது கட்டறுத்து ஓடுச்சுன்னா எஸ்டேட்டுல இருக்கக் கூடாதுங்க. சொல்லிப்போட்டேன்."

மாமா கயிற்றைக் குட்டையாகக் கட்டினார், அதட்டினார், இழுத்தார். அவர் இழுக்க இழுக்க அது பின்னால் போனது. கடைசியில், "மேட்டுப்பாளையத்துல செங்கல் சூளைக்காரன் ஒருத்தன் கேக்கறான், குடுத்தர்லாம்" என்றார். சூளையில் குதிரை என்ன பாடுபடும் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது.

"ரெண்டு வாரம் என்கிட்ட விடுங்களேன்" என்றாள் அத்தை.

மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தை அதிகம் பேசாதவள். சிலோனில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவள். நாங்கள் "பேசறது" என்று சொல்வதை அவள் "கதைக்கிறது" என்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அப்பன் கெட்டது இந்த ஒரு சொல்லால்தான்.

லயத்துக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு புல்வெளி இருந்தது. அத்தை குதிரையை அதற்குள் கயிறில்லாமல் அவிழ்த்துவிட்டாள். வேலை முடிந்து வந்ததும் படங்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குதிரைக்குப் பாதி முதுகைக் காட்டிப் புல்லில் உட்காருவாள். அவ்வளவுதான். நான் வேலிக்கு வெளியே கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பேன். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. பனி வரும், போகும். குதிரை கரையும், மறுபடி தெரியும். அத்தை படங்கின் ஒரு மடிப்பை மட்டும் பிரிப்பாள். சர். குதிரையின் காது அவள் பக்கம் திரும்பும், தலை நிமிரும். அவள் கை அப்படியே நின்றுவிடும். மெல்ல அந்தக் காது தளரும். தலை தாழும். வாயை மென்று நாக்கால் உதட்டைத் துழாவும். அந்த நேரம் பார்த்து அத்தை எழுந்து போய்விடுவாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து கேலி செய்வாள். "ஏண்டி, கட்டினவனுக்குக் காட்டாத பொறுமையெல்லாம் குதிரைக்கா?"

"குதிரை சொன்னாக் கேக்குதுக்கா."

"அப்ப நான் கேக்கறதில்லையாக்கும்?" என்று உள்ளேயிருந்து மாமா குரல் கொடுப்பார். லயமே சிரிக்கும்.

ஒருநாள் நான் கேட்டேன்: "அத்தை, அது நல்லா நிக்கறப்ப எதுக்கு எந்திரிச்சு வந்தர்றீங்க?"

"அது மிரளுறப்ப நான் எந்திரிச்சா, மிரண்டாத்தான் இவ போவான்னு நினைக்கும் தம்பி. அமைதியா நிக்கறப்ப போனா, நின்னாப் போதும்னு தெரிஞ்சுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராணி கதைக்குதுடா. நாமதான் கேக்கறதில்ல" என்றாள்.

எனக்குத் தெரிந்த கதை, ராஜா ராணிக் கதைதான். ஆக, குதிரை அத்தைக்குத் தினமும் கதை சொல்கிறது! அதனால்தான் அவள் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். இரவெல்லாம் அது என்ன கதையாக இருக்கும் என்றே கனவு. காட்டுக்குள் குதிரைகள் மட்டும் வாழும் ஊர், மேகத்தை மேயும் குதிரைகள், இப்படி.

பத்தாவது நாள் அத்தை படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே புல்வெளியில் நடந்தாள். சர்சர், சர்சர். ராணி நின்ற இடத்தில் நின்றது. பிறகு தானாக நாலு எட்டு வந்து, அந்தத் தாளை மூக்கால் முகர்ந்தது. மாமா வேலிக் கம்பியைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பனி என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அத்தை குழாயடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். படங்கு கொடியில் காய்ந்தது. அதைக் கட்டிக்கொண்டால் குதிரை எனக்கும் கதை சொல்லும் அல்லவா? கட்டிக்கொண்டேன். கழுத்துவரை வந்தது. வேலிக் கதவைத் திறந்து, அதை மூடக்கூட மறந்து, நேராக ராணியின் முகத்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணுக்குள் பார்த்துச் சொன்னேன்: "எனக்கும் ஒரு கதை சொல்லு."

அதன் காதுகள் பின்னால் மடங்கின. அது ஏதோ சொல்லத்தான் சொன்னது. எனக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். படங்கு காலில் மாட்டித் தடுக்கி விழுந்தேன். காற்று அவிழ்ந்த தாளைத் தூக்கி அதன் முகத்தில் அறைந்தது. குளம்புச் சத்தம் என்னைத் தாண்டிக் கதவு வழியாக வெளியேறி, லாரி ரோட்டில் கேட்டு, பனிக்குள் அடங்கிவிட்டது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். "யாருடா மிரட்டினது?" என்று மாமா கத்தினார்.

"நாய்ங்க மாமா. நாய் ஒண்ணு கொரைச்சுது."

கீழே ரோடு கொண்டை ஊசியாக வளையும் இடம், அதற்குக் கீழே பள்ளம். லாரி வரும் நேரம். மாமா கயிற்றோடு பாயப் போனார். அத்தை தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "யாரும் ஓடாதீங்க. கூப்பிடாதீங்க." புல்வெளிக்குள் போய், கீழே கிடந்த படங்கை எடுத்தாள். ஒரு பக்கம் கிழிந்து, குளம்பு பட்ட சேறு அதில் அப்பியிருந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

பனி அவளை மூடிக்கொண்டது. பிறகு எங்களுக்குக் கேட்டதெல்லாம் சத்தம்தான். சர்சர். நிற்கும். சர்சர். நிற்கும். எவ்வளவு நேரமோ தெரியாது. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். சேலை முந்தானைகூடச் சலசலக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு அக்கா அதை இறுகப் பிடித்திருந்தாள். நடுவில் எப்போதோ அந்தச் சத்தத்தோடு இன்னொன்று சேர்ந்தது. டக். டக். சர்சர், டக் டக்.

முதலில் அத்தை தெரிந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், கயிறு இல்லாமல், தலை தாழ்த்தி, அந்தப் படங்குச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு ராணி வந்தது. எந்தச் சத்தத்துக்குப் பயந்ததோ, அதைத் தேடியே பனிக்குள்ளிருந்து வந்தது.

ரோட்டுக்கு மேலே மேஸ்திரி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! ராணி வேலிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கதவுக்கு ஒரு நல்ல கொண்டி போடுங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சூளைக்காரன் பேச்சு அத்தோடு போயிற்று. ராணி வியூ பாயிண்டில் பல வருஷம் பிள்ளைகளைச் சுமந்தது.

ஆனால் என் வயிற்றுக்குள் அந்த நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் சரிவில் உட்கார்ந்து ராணிக்குப் புல் அறுத்தாள். நான் கொய்யா மரம் வரை போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். அரிவாள் ஒரு கணம் நின்றது, மறுபடி அறுத்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானே அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "நாயில்லைங்க அத்தை, நாந்தான்" என்று அழுதேன்.

"ம்" என்றாள். "கட்டைப் பிடி, தூக்கலாம்."

என் தைரியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. உண்மையைத் தானாகச் சொன்னவன் அல்லவா! படங்கு கொடியிலிருந்து இறங்கிப் புல்வெளியில் எப்படிக் கிடந்தது, எந்த நாய் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. முதல் நொடியிலிருந்தே அவளுக்குத் தெரியும். நான் மரத்தடியிலிருந்து தோள்வரை வந்த அந்த மூன்று நாளும் யார் யாரைப் பழக்கினார்கள் என்பது, நான் இரண்டு பிள்ளைக்கு அப்பன் ஆகி, ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

தம்பி, போன வாரம் நீ ஸ்கூல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திரிந்தாய். உள்ளே என்ன என்று மூன்று தடவை கேட்டேன், ஒவ்வொரு தடவையும் குரலைக் கூட்டி. சனிக்கிழமை நீங்கள் இருவரும் கிரவுண்டுக்கு விளையாடப் போனீர்கள். வீட்டில் நான் மட்டும். பையை ஆணியிலிருந்து எடுத்தேன். ஜிப்பைப் பாதிவரை இழுத்தும் விட்டேன்.

பிறகு அதை அப்படியே மூடி, இருந்த ஆணியிலேயே மாட்டினேன். வார் முறுக்கியிருந்ததை நேராக்கினேன். அடுப்படியிலிருந்து பீன்ஸ் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நார் உரிக்க ஆரம்பித்தேன்.