சிரிப்புப் படத்தில் படித்த இங்கிலீசு

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். நான் கும்பிடுகிற முருகன் எழுதவைக்கிறான், எழுதுகிறேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். போன வருசம் முழங்கால் போய்விட்டது. இனிமேல் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் தவறிப்போனதில் இருந்து வீட்டில் நானும் மகளும்தான். நான் நின்றுவிட்டால், ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை படிப்பை விட்டுத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். அது மட்டும் வேண்டாம் தாயே என்று மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பண்டாரவளையில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஒரு விடுதியில், அறைகளைத் துப்புரவாக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. சாமான்களின் பேராவது இங்கிலீசில் தெரிந்திருக்க வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

மகள் புத்தகத்தை எடுக்கவில்லை. வெளிநாட்டு டிவி நாடகங்களில் இருந்து வெட்டிப் போட்ட சிரிப்புத் துண்டுகளைப் போனில் காட்டினாள். ஒரு தடித்த மனுசன் ஈரத் தரையில் வழுக்கி, வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு மாடிப்படியெல்லாம் உருண்டு வருவான். பக்கெட், ஃப்ளோர், ஸ்டெப்ஸ். தலையணை கிழிந்து பஞ்செல்லாம் அவன் முதலாளியின் வாயில் போகும். பில்லோ. துவாயில் தீப்பிடிக்கும். டவல். நானும் பிள்ளையும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அந்த ஒரு மாதமும் முழங்காலைத் துணியால் கட்டிக்கொண்டு மலை ஏறத்தான் செய்தேன்; கொழுந்து எடுக்கையில் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கூட நிற்கிறவர்கள் விடுவார்களா?

"என்னா தொரைசானி, கூடைக்கு இங்கிலீசுல என்னா?"

"பாஸ்கட்."

"அப்ப அட்டை கடிச்சா இங்கிலீசுலதான் கத்துவீங்களா?"

அட்டைக்கு எந்தப் படத்திலும் பேர் வரவில்லை. ஆனால் மாதம் முடிவதற்குள் ஒரு வீட்டில் இருக்கிற சாமான் முக்கால்வாசிக்கும் எனக்குப் பேர் தெரிந்தது. திருநீறு பூசி, ஒப்புவித்துக்கொண்டே பஸ் ஏறினேன். மகளும் கூட வந்தாள்.

விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே ஓரமாக வைத்தேன். முதலாளியம்மா சிங்களத்துப் பெண், நல்ல மாதிரி. உள்ளே வந்து உட்காரும்படி இங்கிலீசில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். எனக்கு விளங்கியது. அந்தத் தடியன் உட்கார்ந்து உடைத்த சேர். ஆனால் கால் நகரவில்லை. தோட்டத்து ஆபீசில் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படியே வாசலுக்கு வெளியே கையைக் கட்டித் தலை குனிந்து நின்றேன். அவர் துவாயைத் தூக்கிக் காட்டினார். டவல் என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் படியேறி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக் குட் மார்னிங் சொன்னார். தோட்டத்து ரோட்டில் தொரையின் வாகனம் வந்தால் நாங்கள் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நிற்போம். என் உடம்பு அதைத்தான் செய்தது. படியை விட்டு மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வெறுங்காலோடு இறங்கித் தலையைக் குனிந்தேன். அவர் சிரிப்பு நின்றுபோய், பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

முதலாளியம்மா ஏசவில்லை. வந்து தங்குகிறவர்களுக்கு இப்படிப் பயந்து நின்றால் சங்கடமாக இருக்கும், முகம் பார்த்துப் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தார். நின்றபடியே குடித்தேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். பதுளை வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாப் பேரும் தெரியுமே அம்மா உங்களுக்கு."

பேர் தெரியும்தான். அந்தத் தடியன் முதலாளியின் முகத்துக்கு நேரே நின்றுதான் பதில் சொல்வான். மாதம் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், படிக்கவில்லை. இத்தனை வருசம் கும்பிட்ட முருகனிடமும் அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவளைப் பேர் பதியத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். வாசல் படியில் அவள் குனிந்தாள்.

"கழட்டாத. செருப்போட போ."

"எல்லாரும் கழட்டிட்டுத்தானம்மா போறாங்க" என்றாள்.

கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதை நான் அவளுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.