ஹாம்ரே வீட்டுக் கயிறு

நார்வேயின் ஓலசுந்த் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்த ஐலிஃப், தன் கைபட்ட சுற்றுலாப் படகு ஒன்றில்கூடப் பயணியாக ஏறியதில்லை. யாராவது கூப்பிட்டால், "நான் பொறந்ததே அந்தப் பாறையிலதான்யா. அதைப் பாக்க டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்று வாயை அடைத்துவிடுவான்.

பிறந்த இடம் அப்படி. மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து கிடக்கும் கடலான ஃபியோர்டுக்கு நேர் மேலே, செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாம்ரே பண்ணை. முற்றம் முடிந்தால் பள்ளம்தான். பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி முளையில் பிணைத்துவிட்டுத்தான் அங்கே புல் அறுக்கப் போவார்கள். ஐலிஃபும் அப்படி வளர்ந்தவன்தான். அவன் தங்கை குன்வோர் இரண்டு வயதில் விழுந்து செத்தாள். அப்பா போட்ட முடிச்சு நழுவிவிட்டது என்றது ஊர். அவரும் அதையே நம்பினார். அதற்கப்புறம் சாகும்வரை கரையில் படகைக்கூட அவர் கயிறு போட்டுக் கட்டவில்லை. வேறு யாராவதுதான் கட்ட வேண்டும்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா போர்கில் உண்மையைச் சொன்னாள். கயிறு உரசி இடுப்பு எரிகிறது என்று குழந்தை அழுதிருக்கிறாள். ஒரு நிமிஷம்தானே என்று அவிழ்த்துவிட்டது அம்மாதான். ஐலிஃப் இதைக் கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. மனசு தாங்காமல் ஒருவனிடம் மட்டும் கொட்டினான். கூடப் படித்து, கூடவே மீன்பிடிக்க வரும் டோர்ஃபினிடம். "என் உசுரு போனாலும் வெளிய வராதுடா" என்று தோளைப் பிடித்தான் அந்தப் புண்ணியவான்.

டோர்ஃபின் இப்போது சுற்றுலாப் படகில் வழிகாட்டி. இந்தக் கோடையில், தொண்ணூறு வயது அம்மாவுக்குத் தண்ணீரிலிருந்து வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவளோடு ஐலிஃபும் முதல் தடவையாக ஏற, டோர்ஃபின்தான் இடம் பிடித்துக் கொடுத்தான். அவளுடைய சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி நிறுத்தி, பழுப்புச் சீஸ் மடித்த அப்பமும் காபியும் வாங்கிவந்தான். என்ன உபசாரம், என்ன உபசாரம்!

ஹாம்ரேக்குக் கீழே படகு மெதுவானது. அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். டோர்ஃபின் ஒலிபெருக்கியை எடுத்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குழந்தை விழுந்த கதைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான். "ஊரே புருஷனோட முடிச்சைத்தான் குத்தம் சொல்லிச்சு. ஆனா, கயித்தை அவுத்தது யார் தெரியுமா?"

ஐலிஃப் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அடுத்து நார்வேஜிய மொழியில் சொல்வானே! போன மாதம்தான் அவளுக்குப் புதிதாகக் காது மிஷின் வைத்திருந்தார்கள். அது டோர்ஃபினுக்குத் தெரியாது. ஐலிஃப் எழுந்து ஓடினான். நடைவழி முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம். இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய்ச் சேர்வதற்குள் நார்வேஜிய மொழியிலும் சொல்லி முடித்துவிட்டான் பாவி. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு டோர்ஃபினின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஏன்டா இப்பிடிப் பண்ணினே?"

"பேரைச் சொல்லலையேடா" என்றான் டோர்ஃபின். "மூணு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த இடத்துலதான் ஜனங்க அழுவுறாங்க. அம்மாவுக்குத்தான் காது கேக்காதே?"

"மூணு வருஷமாவா? துரோகி, ஞாயித்துக்கிழமைதோறும் என் வீட்டுல உக்காந்து தின்னியேடா!"

"கத்தாதே, எல்லாரும் பாக்குறாங்க."

அறைந்தால் என்ன என்று ஐலிஃபுக்குத் தோன்றியது. அம்மா ஞாபகம் வந்து திரும்பி ஓடினான்.

அவள் அழவில்லை. காது மிஷினைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அப்பம் தொடாமல் ஆறிக் கிடந்தது. பக்கத்தில் யாரோ ஹாம்ரேயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அவன் இப்பிடிச் செய்வான்னு..." என்று மண்டியிட்டான் ஐலிஃப்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னாள். படகில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"உங்க அப்பாகிட்டகூட நான் சொல்லலடா. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."