ஸ்டெல்லா அக்காவோடு வாசித்த ஆறு பாகங்கள்

ஸ்டெல்லா அக்கா இனி இல்லை.

இன்று காலை அவருடைய கணவர் அந்தோனி அண்ணை போன் எடுத்தார். "தம்பி, அவ மோசம் போயிட்டா" என்றார். போனை வைக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

நல்லூரில் நான் கணிதம் படிப்பிக்கிற ரியூசன் சென்ரரில் ஒஃபிஸைப் பார்த்துக்கொண்டவர். பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். முன் மேசை, குட்டி ஃபேன், உரத்த சிரிப்பு.

அந்த மேசையின் இழுக்கிற லாச்சிக்குள் எப்போதும் ஒரு தடித்த இங்கிலிஷ் புத்தகம் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் அங்கே சேர்ந்த புதிதில் ஒருநாள் மார்க்கர் எடுக்கப் போனேன். அக்கா தலை நிமிராமலே சொன்னார். "உவன் உருப்படமாட்டான்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

"ஆரை அக்கா சொல்லுறியள்?"

"உந்த இளவரசனைத்தான். சொந்தத் தங்கச்சியை எதிரிக்குக் காட்டிக் குடுத்திட்டான், நாசமாப் போவான்!"

அப்படித்தான் அந்த சீரிஸுக்குள் விழுந்தேன். மொத்தம் ஆறு பாகம், ஒவ்வொன்றும் தலையணை மாதிரி. மலையை நோக்கி மேலே ஓடும் ஆறுகள், கொக்குகளோடு கதைக்கும் ஒரு சிறுமி, பாலம் காக்கும் ஒற்றைக்கைக் கிழவன்...

முதலாம் பாகத்தை வெள்ளிக்கிழமை தந்தார். சனி, ஞாயிறு நான் சாப்பிடக்கூட எழும்பவில்லை. அம்மா அறை வாசலில் வந்து நின்று, "உனக்கென்ன, சோதினை ஏதும் வருகுதோ?" என்று கேட்டார்.

நாலாம் பாகம் வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பிரதிதான். கனடாவிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அக்கா பாதி தாண்டிவிட்டார். எனக்கோ பொறுக்கவில்லை.

ஒரு பின்னேரம், தேத்தண்ணி நேரம். அக்கா பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தார்.

"ஐயோ அக்கா, புத்தகத்தை வெட்டப் போறியளோ!"

"பின்னை? நீர் ஒவ்வொரு நாளும் வந்து என்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். இந்தாரும், பிடியும்."

முதுகுப் பக்கமாக ஒரே கீறு. முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு.

அடுத்த கிழமை ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து வீங்கி வேலைக்கு வந்தார். எங்கள் நிர்வாகி சேர் பயந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, சொந்தத்துக்குள்ளை ஏதும் செத்தவீடோ?"

"ஓம் சேர்."

"ஐயோ... ஆர்?"

"கொஞ்சம் தூரத்து ஆள் சேர்."

அரைநாள் லீவு கிடைத்தது. பின்பாதியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா போகிறார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறேன். செத்தது யாரென்று எனக்குத் தெரிந்துவிடக் கூடாதே!

பிறகு பின்பாதி என் கைக்கு வந்து, நானும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அந்தக் கிழவன்..." என்றேன்.

"ஓம்" என்றார். அவ்வளவுதான்.

ஆறாம் பாகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம். எழுத்தாளர் எழுதுகிறார், எழுதுகிறார் என்றார்கள்... அதற்கிடையில் அக்காவுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. கொழும்புக்குப் போய்ப் போய் வந்தார்.

"அந்த மனுசன் எழுதி முடிக்குமட்டும் நான் இருக்கவேணும். இல்லாட்டி செத்தாப்பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்திலை இருந்து பேயா வந்தெண்டாலும் வாசிப்பன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

புத்தகம் வந்தபோது அதைத் தூக்கிப் பிடிக்க அவருடைய கையில் பலமில்லை.

பின்னேரங்களில் நான் குருநகரில் அவருடைய வீட்டுக்குப் போய் வாசித்தேன். முதல் நாளே மறித்தார். "தமிழிலை சொல்லும் தம்பி. இவரும் கேக்கட்டும்."

அந்தோனி அண்ணை கடற்தொழில் செய்பவர். மூலையில் இருந்தபடி கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த அரசர்களெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில் சண்டை பிடித்தார்கள். கோட்டை வாசலில் நின்று "வாடா வெளியாலை!" என்று கத்தினார்கள்.

கடற்சண்டை வந்த அன்று அண்ணையின் கையிலிருந்த வலை கீழே விழுந்துவிட்டது.

"கடல் வத்திற நேரம் ஆராவது கப்பலைக் கரைக்குக் கிட்டக் கொண்டு போவினமோ? உவன் தளபதிக்கு விசர்!"

அக்கா சிரித்து, இருமி, பிறகும் சிரித்தார்.

நடுவில் சில நாட்கள் அவருக்கு மிகவும் ஏலாமல் போனது. "கடைசி அத்தியாயத்தை இப்பவே வாசிச்சு விடட்டோ அக்கா?" என்று மெல்லக் கேட்டேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"விசர்க்கதை கதையாதையும். ஒரு பக்கமும் தாண்டாமல் வாசியும். நான் இருப்பன்."

இருந்தார்.

கடைசிப் பக்கத்தை வாசித்து மூடினேன். வெளியில் எங்கோ வள்ளத்து எஞ்சின் சத்தம்... அண்ணை தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

"இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"முதலாம் பாகத்தை எடும் தம்பி" என்றார் அக்கா. "இவர் அதைக் கேக்கேல்லை."

மறுபடி தொடங்கினோம். நேற்றுப் பின்னேரமும் வாசித்தோம். முடிவு தெரிந்தவர் என்பதால், ஒவ்வொரு பெயர் வரும்போதும் அண்ணை என்னை மறித்தார். "உவன் பிறகு சாகிறவனெல்லோ?"

"இஞ்சருங்கோ, உதை இப்ப ஏன் கதைக்கிறியள்? இதிலை எல்லாரும் உயிரோடை இருக்கினம். பேசாமல் கேளுங்கோ."

அக்கா கண்ணை மூடியபடி, சிரித்தபடி சொன்னார். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட அவருடைய குரல்.

நாளைப் பின்னேரம் குருநகரில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ அக்கா.