பிப்ரவரி இருபது

முப்பத்தொரு வயசுப் பெண் வீடியோ கேம் விளையாடுகிறாள் என்று திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் வெளியே சொல்ல முடியாது. கோபக்காரி என்றால் ஒதுங்கிப் போவார்கள், நோயாளி என்றால் பாவப்படுவார்கள், கேம் விளையாடுகிறவள் என்றால் சிரிப்பார்கள். நாகஜோதிக்கு மற்ற எதையும் தாங்கிக்கொள்ள வரும், சிரிப்பு மட்டும் ஆகாது. அதனால் அந்த லைன் வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டுதான் விளையாடினாள். யாராவது கேட்டால், தம்பி முனீஸ் விளையாடுகிறான் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அவர்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தீப்பெட்டி வேலையில் வயிறு நிறையவில்லை என்று அம்மா பாண்டியம்மாள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறியபோது நாகஜோதி ஒன்றாம் வகுப்பு. பத்தாவது முடித்ததும் பனியன் மடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். அப்புறம் செக்கிங், தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். அதைச் செய்துகொண்டே தனியாகப் பரீட்சை எழுதிப் பிளஸ் டூ, தபாலில் பி.காம். கடைசியில் மாரப்பனின் பிரிண்டிங் யூனிட்டில் ஆபீஸ் நாற்காலி கிடைத்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இங்கிலீஷில் மெயில் போடுவதும், சரக்கு எப்போது வரும் என்று கேட்டால் பொய்யும் மெய்யும் கலந்து பதில் சொல்வதும் அவள் வேலை. நடுவில் கல்யாணப் பேச்சு வந்தது, தள்ளிப்போனது, பிறகு வருவதே நின்றது. அதற்காக அவள் வருத்தப்பட்டாளா என்று யாரும் கேட்கவில்லை.

கேம் வந்து சேர்ந்தது ஊரடங்கில். கம்பெனிகள் மூடிக் கிடந்தன. செல்போன் கடையில் வேலை பார்க்கும் முனீஸ், யாரோ வசதியான வீட்டுப் பையன் சலித்துப்போய் விற்ற கேம் பெட்டியை வாங்கிவந்து டிவியில் மாட்டினான். அவன் பந்தயக் கார் ஓட்டினான். அக்காவுக்கு வேறொன்று பிடித்துப்போனது. அதன் இங்கிலீஷ் பேர் நீளமாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது ‘தீவு’. உப்புப் பூத்துச் செத்துப்போன ஒரு தீவில், காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு பெண் அலைகிறாள். சண்டை கொஞ்சம், நடை நிறைய. அக்கா அக்கரையில் உயிரோடு இருக்கிறாள் என்று கடைசியில் தெரிகிறது. தங்கை படகில் ஏறித் துடுப்புப் போடுகிறாள். கரை மங்கலாகத் தெரிகிறபோது திரை இருண்டு முடிந்துவிடுகிறது. மீதி அடுத்த பாகத்தில்.

அன்றைக்கு நாகஜோதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை அவளை எல்லோரும்தான் நடத்திக் கூட்டிப்போனார்கள்; முதல்முறையாக அவள் ஒருத்தியை நடத்திக் கூட்டி வந்திருந்தாள். அவளை நடுத்தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்து போக மனசு வரவில்லை.

அடுத்த பாகம் அடுத்த வருஷம் என்றார்கள். வரவில்லை. அதற்கடுத்த தீபாவளி என்றார்கள். அதுவும் போயிற்று. ஒவ்வொரு முறையும் கேம் கம்பெனிக்காரன் அழகான கடல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் அன்புக்குத் தகுந்தபடி செய்ய இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும், பொறுமைக்கு நன்றி என்று நாலு வரி எழுதுவான். லட்சம் பேர் அதற்கு இதயம் போடுவார்கள். இங்கே திருப்பூரில் ஒரு சரக்கு ஒரு வாரம் தள்ளிப்போகட்டும், கடல் படம் போட்டுப் பார்க்கட்டும். விமானத்தில் அனுப்பு, கூலி உன் தலையில் என்று பையர் ஒரே வரியில் முடித்துவிடுவான்.

ஆனால் நாகஜோதியும் இதயம் போட்டவள்தான். தமிழ்நாட்டில் ‘தீவு’ விளையாடுகிறவர்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் ரித்தீஷ் என்று ஒரு கோயம்புத்தூர்க் காலேஜ் பையன், ஒவ்வொரு தேதி தள்ளும்போதும் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். இவள்தான் சமாதானம் சொல்வாள். அவசரத்தில் செய்த சரக்கு என்ன லட்சணத்தில் வரும் என்று எனக்குத் தெரியும் தம்பி, நேரமெடுத்தே செய்யட்டும் என்று எழுதுவாள். பொறுமைக்கு நன்றி என்று கம்பெனிக்காரன் எழுதியது தனக்கே எழுதியது என்று உள்ளூர ஒரு பெருமை. பிறகு மூன்றாவது தேதி வந்தது: பிப்ரவரி இருபது. இந்த முறை உறுதி, வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ரித்தீஷ்கூட நம்பினான்.

அந்த அக்டோபரில்தான் மாரப்பன் நெருப்பெரிச்சலில் இரண்டாவது யூனிட் போட்டார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இன்சார்ஜ் வேண்டும். அந்த வட்டாரத்தில் எந்த பிரிண்டிங் யூனிட்டுக்கும் பெண் இன்சார்ஜ் கிடையாது. “தீபாவளி கழிச்சு நீயே பாத்துக்க கண்ணு” என்று அவர் நாகஜோதியிடம் சொன்னார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேல், பனியன் மடித்தவள் ஒரு யூனிட்டின் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளலாம்.

அதே வாரம் ஒரு புது ஆர்டர் வந்தது. மெயிலில் வந்த படத்தைத் திறந்தவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய படகு. அவளுடைய துடுப்பு. கீழே நெஞ்சு அகலத்துக்குப் பெரிய எழுத்தில் பிப்ரவரி 20. ‘தீவு’ வெளியாகிற அன்றைக்கு வெளிநாட்டுக் கடைகளில் தொங்கப்போகிற பனியன், மாரப்பனின் அச்சு டேபிளில் அச்சாகப் போகிறது.

பிரிண்டிங்கில் ஒரு விதி உண்டு. சாம்பிள் அடித்து அனுப்பி, பையர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் மொத்தச் சரக்கில் கை வைக்க வேண்டும். சாம்பிள் போனது; பதில் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அச்சு காய ஒரு நாளுக்கு இரண்டு நாள் ஆனது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர எப்படியும் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். காத்திருந்தால் கப்பலைப் பிடிக்க முடியாது. காத்திருக்காமல் அடித்தால் பழி நம் தலையில். மாரப்பன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏங்கண்ணு, பையரு என்னத்த மாத்தச் சொல்லுவான்? கலரெல்லாம் சரியாத்தான இருக்குது?”

“கலர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா. அந்தத் தேதி ஒண்ணுதான்.”

“அது மாறுமா?”

அப்போதுதான் நாகஜோதி, வீட்டுக் கதவைச் சாத்திவைத்துக் காத்த ரகசியத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். தான் அந்தக் கேம் விளையாடுகிறவள் என்றாள். முதல் பாகம் முழுவதும் முடித்ததையும், அதைப் பற்றி வருகிற ஒவ்வொரு செய்தியையும் படிப்பதையும் சொன்னாள். சொல்லும்போது முகம் சுட்டது. மாரப்பன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததே அவளுக்குப் பெரிய விஷயமாகப் போய்விட்டது.

“இந்தவாட்டி மாறாதுங்கண்ணா. நாஞ் சொல்றேன், அடிக்கலாமுங்க” என்றாள்.

அடித்தார்கள். மை மலிவாக வேண்டாம், துவைத்தாலும் போகாததாக வேண்டும் என்று அவளே நின்று வாங்க வைத்தாள். டேபிள் டேபிளாகப் படகுகள் வரிசை கட்டின. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான். சரக்கு முழுவதும் அச்சாகி, கட்டி அடுக்கியாயிற்று.

தீபாவளிக்கு முந்தின வாரம், டீ குடிக்கிற நேரத்தில் குரூப்பில் அந்தக் கடல் படம் வந்து விழுந்தது. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வரிகளைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் படித்தாள். உங்கள் பொறுமைக்கு நன்றி. டீ கையிலேயே ஆறிப்போனது. ரித்தீஷ் திட்ட ஆரம்பித்திருந்தான். முதல்முறையாக அவளுக்கும் திட்ட வேண்டும் போலிருந்தது; திட்டத் தெரிந்த சொல் ஒன்றும் போதவில்லை.

மறுநாள் பையரின் மெயில் வந்தது. தேதி மாறியதால் ஆர்டர் ரத்து. சாம்பிளுக்கு நாங்கள் சம்மதம் சொல்லாததால் அச்சடித்திருந்தால் அது உங்கள் பொறுப்பு. மெயிலை எடுத்துக்கொண்டு போய் மாரப்பனிடம் அவளே படித்துத் தமிழில் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவளும் அழுது தீர்த்திருப்பாள். தீபாவளி கழிந்து கம்பெனி திறந்த அன்று அவளைக் கூப்பிட்டார். நாலு வருஷமாகக் கண்ணு, நீ, வா, போ என்று பேசினவர் அன்றைக்கு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

“ஏனுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. செக்கிங்குல ஆளு பத்தலீங்க. நாளைக்கிருந்து நீங்க அங்க பாத்துக்கங்க. நெருப்பெரிச்சலைத் தங்கதுரை பாத்துக்கட்டும்.”

தங்கதுரை அவருடைய அக்கா மகன். அச்சு ஸ்கிரீனில் எந்தப் பக்கம் மை ஊற்றுவது என்றுகூடத் தெரியாது. நாகஜோதி சரிங்கண்ணா என்றாள். செய்தது தன் தப்பு என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தப்பையே ஒரு ஆண் பிள்ளை செய்திருந்தால், அனுபவம் என்று தோளில் தட்டியிருப்பார்கள் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு செக்கிங் மேஜைக்குப் போய் நின்றாள், பத்து வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே நிற்பு. தங்கதுரை சும்மா இருக்கவில்லை. அவள் கேம் விளையாடுகிறவள் என்று மாமன் தனியாகச் சொன்னதை யூனிட் பூராவும் சொல்லிவைத்தான். மேஜையில் இருந்த பெண்கள் ‘கேம் அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சிரிக்க வேறென்ன இருக்கிறது.

பனியன்களை, மிச்சச் சரக்கு வாங்கி விற்கும் காதர்பேட்டைக்காரர்கள் எடைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பிப்ரவரி வருவதற்குள் ஊரே அதைப் போட்டுக்கொண்டது. தண்ணி லாரி டிரைவர், பரோட்டா மாஸ்டர், ரயிலிலிருந்து இறங்கிய ஒடியாக்காரப் பையன்கள் என்று எல்லோர் நெஞ்சிலும் அவளுடைய படகு. பிப்ரவரி இருபதாம் தேதி காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவள், எதிரே வந்த நெஞ்சுகளையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மனசு தாங்காமல் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினாள். நீங்கள் காத்திருந்தீர்கள், அவ்வளவுதான்; எனக்கு நாற்காலி போயிற்று, பேர் போயிற்று என்று எழுதினாள். பிறகு ரித்தீஷ், “செம அக்கா, உலகத்துலயே கெடைக்காத பனியன், எல் சைஸ் ஒண்ணு அனுப்ப முடியுமா?” என்று கேட்டான். அதைத் தொடர்ந்து ஆளாளுக்குத் தங்கள் சைஸைப் போட்டார்கள். அவள் குரூப்பை விட்டு வெளியே வந்தாள்.

அடுத்த தேதி செப்டம்பர் என்று வந்தது. ஜூனில் வேறொரு பையர் அதே படகைத் தூக்கிக்கொண்டு மாரப்பனிடம் வந்தான். புதுத் தேதி, பழைய அவசரம். குரூப்பை விட்டாலும் நாகஜோதி படிப்பதை விடவில்லை. வேலை முடிந்து கேம் டிஸ்க் அச்சாக ஆரம்பித்துவிட்டது என்று இந்த முறை நிச்சயமாகத் தெரியும். மாரப்பன் செக்கிங் மேஜைக்கே வந்து, அவள் தள்ளிவைத்த டேமேஜ் பனியன்களைப் புரட்டுவது மாதிரி நின்றார்.

“ஏங்கண்ணு, இந்தவாட்டி வந்துருமா?”

கண்ணு என்ற சொல் திரும்பி வந்திருந்தது. நாற்காலி திரும்பி வரவில்லை. நாகஜோதி கையிலிருந்த பனியனை விளக்கில் பிடித்துப் பார்த்தபடியே சொன்னாள்.

“எனக்கு எப்படிங்கண்ணா தெரியும்? நான் செக்கிங்ல இருக்கறவ.”

அவர் புரட்டிய பனியனை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனார். சாம்பிளுக்குப் பதில் வரும் வரை அச்சடிக்காமல் காத்திருந்தார்கள். வர நாளானது. கப்பலைப் பிடிக்கப் பாதி ஆர்டரை வேறு யூனிட்டுக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. பையர் லேட் பண்ணிவிட்டான் என்று தங்கதுரை சொன்னான், சரியென்று விட்டுவிட்டார்கள். அப்படிப் பதில் சொன்னதில் நாகஜோதிக்கு ஒரு சின்ன சுகம் இருந்தது. அச்சு டேபிள் ஆட்கள் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று அந்தச் சுகமும் கசந்துவிட்டது.

‘தீவு’ சொன்ன தேதிக்கு வந்தது. முனீஸ் சொல்லாமல் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டுவிட்டு, அவள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் திரையில் அதே படகு, அதே பெண், துடுப்பைப் பிடித்தபடி அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்தவில்லை. இனிச் சாத்தி என்ன ஆகப்போகிறது. நாகஜோதி குறை தேடிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். செக்கிங் கண் அது. தண்ணீரில் பிசிறு இருக்கிறதா, நிழல் விலகுகிறதா, நடை தட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் இழுத்தடித்தும் பாருங்கள் என்று சொல்ல ஒரே ஒரு ஓட்டை போதும் அவளுக்கு. உலகம் முழுக்க விளையாடினவர்கள் காத்திருந்தது வீண்போகவில்லை என்று ஒரே நாளில் மன்னித்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, மன்னிப்பார்கள். படகு கரை தட்டியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். நாகஜோதி தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள், உடனே தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சேலைக்குமேல் பழைய பனியன் ஒன்றைப் போட்டிருந்தாள். எத்தனையோ முறை துவைத்தது. பிப்ரவரி 20 கொஞ்சமும் மங்கவில்லை.

“ஏத்தா, இதுக்கா இம்புட்டு நாளும்?”

“ஆமாம்மா.”

“நல்லாருக்கா?”

ஒரு குறையாவது இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது நாகஜோதிக்கு.

“நல்லாருக்கும்மா” என்றாள்.