சுகிர்தபாய் டீச்சரும் வானத்துக்குப் போன பெட்டியும்

முதலாண்டு மாணவர்கள் பியூரெட் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலை வேளையில், கல்லூரிப் பியூன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். வழக்கமாக உள்ளே வந்து மேசையைத் தட்டி விஷயத்தைச் சொல்பவர், அன்று வாசற்படியைத் தாண்டவில்லை. நான்தான் எழுந்து போனேன்.

"சுகிர்தபாய் டீச்சர் போயிட்டாவ, சார். விடியக்காலமாம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பெட்டிதான் கொண்டு போயிட்டுதுண்ணு ஊருல சொல்லுதாவ."

முதலில் சொன்னதை ஓரளவு எதிர்பார்த்திருந்தேன். இரண்டாவதாகச் சொன்னதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பேச்சு இன்றுவரை அடங்கவில்லை. கல்லூரி மலருக்கு எழுதக் கேட்டபோது நான் ஒப்புக்கொண்டதும் அதனால்தான். டீச்சரை அறிந்த உங்களுக்கு அவருடைய குணத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெட்டி போனதையும் வந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் நான் ஒருவன்.

அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள் அவர். சுதந்திரம் கிடைத்த வருஷம் நம் கல்லூரியில் பௌதிகப் பிரிவில் செய்முறை கற்பிக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கும் என் கெமிஸ்ட்ரி கூடத்துக்கும் நடுவே அரைச்சுவர்தான். அவர் சிரித்தால் என் பக்கத்துக் கண்ணாடிக் குப்பிகள் அதிரும். ஒருநாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மின்சாரம் ஏற்றிய ஒரு ஜாடியைச் சுற்றி மாணவர்கள் பின்வாங்கி நின்றார்கள். "தொட்டா செத்துப் போவமா, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். டீச்சர் பதில் சொல்லாமல் தாமே விரலை வைத்தார். உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. கொண்டை ஊசி தரையில் விழுந்தது. "கண்டியளா, நான் நிக்கேன். இனி ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

மாலையில் அதைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: "பயப்படாதேண்ணு சொல்லுதது லேசு, சார். பயப்படுத ஆளுக்குப் பக்கத்துல போய் நிக்கணும். அதுதான் பாடு."

இந்த வருஷம் தை மாதக் கடைசியில் வடக்கிலிருந்து விஞ்ஞானிகள் சிலர் கன்னியாகுமரிக்கு வந்தார்கள். அண்டவெளியிலிருந்து இரவும் பகலும் பூமிமேல் பொழிந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களை ஆராய்கிறவர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால், மிகுந்த வேகமுள்ள கதிர்கள் மட்டுமே இங்கே வந்து சேருமாம். காற்று அவற்றைத் தடுப்பதற்கு முன்பே மேலே போய்ப் பிடிக்க வேண்டும். அதற்கென்று செய்த புகைப்படத் தகடுகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ஒரு தகரப் பெட்டியில் அடைத்து, ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர்ப் பலூன்களின் கொத்தில் கட்டி அனுப்புவது அவர்கள் திட்டம். உச்சிக்குப் போனதும் சில பலூன்கள் வெடிக்கும். மிச்சமுள்ளவை பெட்டியை மெல்லக் கீழே இறக்கும். சிலிண்டர்களும் குழாயும் என் பொறுப்பு. பலூனைத் தொலைநோக்கி வழியே தொடர்வது டீச்சரின் பொறுப்பு.

பெட்டி எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னார்கள். டீச்சர்தான் எழுதினார். 'இதில் ஆபத்து எதுவும் இல்லை. தயவுசெய்து திறக்க வேண்டாம்.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசிச்சா எனக்கே பயமா இருக்கு, சார்."

நான் சிரித்தேன்.

விடியும்போதே கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குளிக்க வந்த யாத்திரிகர்கள், வலையை அப்படியே போட்டுவிட்டு வந்த கடற்கரைக் குடிசைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள். சிலிண்டர் சீறிய சத்தத்தில் முன்வரிசை இரண்டு தடவை சிதறி ஓடித் திரும்பியது. பலூன்கள் ஒவ்வொன்றாக உப்பி, ஒன்றோடு ஒன்று உரசி முனகின. பீடி, சுருட்டு எதுவும் கூடாது என்று டீச்சர் தொண்டை கம்மும்வரை கத்திக்கொண்டிருந்தார். ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் காற்றில் சூட வாசனை வந்தது. திரும்பினேன். ஒரு கிழவர், கண்ணேறு கழிப்பதற்காக, தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு பலூன்களை நோக்கி வந்துவிட்டார். சுவாலை காற்றில் எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. என் கையில் குழாய். என்னால் நகர முடியவில்லை. டீச்சர் மணலில் விழுந்து எழுந்து ஓடி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் மூடினார்.

கிழவர் தட்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"அணைச்சுட்டியே, மக்கா. இது நல்லதுக்கில்ல."

"பொறுத்துக்கிடுங்க, பாட்டா. இந்தக் காத்துல தீ பிடிச்சா நீங்களும் இல்ல, நானும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வெந்த கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தொலைநோக்கிக்குப் போனார்.

கயிற்றை விட்டார்கள். கொத்து ஒரு பக்கமாகச் சரிந்து, அலைமேல் இறங்குவதுபோல் இறங்கி, பிறகு நிமிர்ந்து ஏறியது. பெட்டி அதன் கீழே ஊசலாடிக்கொண்டே சிறுத்தது. வெகுநேரம் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு, குழல் வழியே பார்க்கச் சொன்னார். நீல வெளியில் வெள்ளைப் புள்ளிகள் சில, ஒட்டவைத்ததுபோல் நின்றன.

"மேகமெல்லாம் அதுக்குக் கீழ, சார். அங்க காத்தே கிடையாதுண்ணு சொல்லலாம். பகல்லயே வானம் கறுப்பா இருக்கும். சத்தம்ணு ஒண்ணு இருக்காது. நான் எழுதின சீட்டு இப்ப அங்க நிக்குது."

மனிதர் மூச்சுவிட முடியாத வெளியின் ஓரத்தை, நம் கடற்கரையிலிருந்து கிளம்பிய ஒன்று தொட்டுக்கொண்டு நின்றது. அதை என் கண்ணால் பார்த்தேன். கைதட்டத் தோன்றவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, "இண்ணைக்குப் பெட்டி போவுது. நாளைக்கு மேல இருந்து என்ன போடுவாவளோ?" என்று யாரிடமோ கேட்டாள். ஜப்பானில் விழுந்த குண்டுகளைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் மலைப்பக்கமிருந்து மேகம் பரவி, புள்ளிகளை மூடிவிட்டது. அதன்பின் அவை அகப்படவில்லை.

விஞ்ஞானிகள் ஜீப்பில் திருநெல்வேலிப் பக்கம் தேடினார்கள். எங்களுக்குத் தகவல் வந்தது கீரிப்பாறையிலிருந்து. அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். பெட்டி தொழிலாளர் குடியிருப்பில் கிடக்கிறது, ஒரு பிள்ளை செத்துவிட்டது, ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை, யாராவது உடனே வந்தால் நல்லது. டீச்சரும் நானும் தோட்டத்துக்குப் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

பெட்டி கடைசி வீட்டு முற்றத்தில் கிடந்தது. அதைச் சுற்றிச் சாம்பலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டின் ஓலைக்கூரையில் பெரிய பொத்தல். வீட்டுக்காரன் வேலப்பன், மரத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவன், கிழிந்த பலூன் துண்டு ஒன்றைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே நின்றான். அவனுக்குப் பின்னால் குடியிருப்பே நின்றது. ஒருவன் தோளில் மண்வெட்டி.

டீச்சர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நேராக வேலப்பனிடம் போனார்.

"பிள்ளைக்க பேரு என்ன?"

"பொன்னம்மை."

"காய்ச்சல் எண்ணைக்குத் தொடங்கிச்சு?"

"பெட்டி விழுததுக்கு முன்னயே இருந்துது. குளுருண்ணு நடுங்குவா, சாக்கெல்லாம் போட்டு மூடுவோம். ஆனா எந்திரிச்சு இருந்து கஞ்சி குடிச்சா, டீச்சரே. இது கூரையப் பிச்சுக்கிட்டு விழுந்த சத்தத்துல அலறினா. பொறவு எந்திரிக்கல்ல."

யாரோ ஒரு பெண் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். வேலப்பன் பெட்டியின்மேல் இருந்த சீட்டைச் சுட்டினான்.

"ஆபத்து இல்லண்ணு எழுதியிருக்காமே. பொறவு எதுக்குத் திறக்கப்படாது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"அத எழுதினது நான்தான். உள்ள இருக்கது போட்டோ எடுக்குத தகடு. வெளிச்சம் பட்டா அழிஞ்சிரும். வேற ஒண்ணும் இல்ல."

"நாங்க எப்படி நம்புதது?" என்றான் மண்வெட்டிக்காரன். "உடைச்சுப் பாப்போம். இல்லேண்ணா ஆத்துல எறிவோம்."

டீச்சர் சாம்பல் வட்டத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"இது கொல்லும்ணா மொதல்ல என்னைக் கொல்லட்டும். நான் இங்கயே இருக்கேன். நாளைக்கு விடியும்போ நான் உயிரோட இருந்தா, இதக் கொண்டுபோவ விடுங்க."

மண்வெட்டி மெல்லக் கீழே இறங்கியது. "நீங்க போய் அவங்ககிட்ட சொல்லுங்க, சார். நான் பிள்ளைக்க அம்மைக்குக் கூட இருக்கேன்" என்று டீச்சர் என்னை மாலைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். பஸ் திரும்பும்போது பார்த்தேன். மலையின் நிழல் முற்றத்தை மூடியிருந்தது. அவரைச் சுற்றிக் கொசு புகைபோலச் சுழன்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டீச்சர் வந்து இறங்கினார். பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் வேலப்பன்.

காய்ச்சல் இரண்டு வாரம் பொறுத்து வந்தது. கொசுக்கடியால் வரும் மலைக்காய்ச்சல், மலேரியா, என்று டாக்டர் சந்தேகமில்லாமல் சொன்னார். அதற்குரிய கொய்னா மருந்து கொடுத்தார்கள். இறங்கியது, திரும்ப ஏறியது, பிறகு மூளைக்குப் போனது. ஊர் சொன்னதோ வேறு. சூடத்தை அணைத்ததால் என்றார்கள் சிலர். பெட்டிக்குள் இருந்தது மடிவழியாக உடம்பில் ஏறிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். அடக்கத்துக்கு வந்த படித்தவர்களில் இரண்டு பேர் கல்லறைத் தோட்டத்திலேயே என்னிடம் அதைக் கேட்டார்கள்.

சென்ற மாதம் அந்த விஞ்ஞானிகள் தகடுகளில் ஒன்றை நம் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு துகள் மெல்லிய கறுப்புக் கோடாகத் தகட்டுக்குள் நுழைந்து, ஓர் அணுவை உடைத்து, நாலாபக்கமும் சிதறியிருந்தது. சிலந்தி காலை விரித்ததுபோல இருந்தது. இதைக் காணத்தான் டீச்சர் அத்தனை பாடுபட்டார், ஆனால் காணக் கொடுத்துவைக்கவில்லை. இத்தகைய துகள்களின் சிதறல் இந்த நிமிஷமும் நம் எல்லார் உடம்பையும் துளைத்துக்கொண்டு போகிறது என்று கூட வந்த விளக்கம் சொன்னது. கண்ணை எடுத்தபின் வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறைக்குப் போனேன். டீச்சர் எப்படி இறந்தார் என்பதை வேலப்பனுக்கு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடைசி வரிசை வீடுகள் காலியாகக் கிடந்தன. பயந்து கீழே போய்விட்டார்களாம். வேலப்பனின் வீட்டில் மட்டும் புகை வந்தது. கூரைக்குப் புது ஓலை போட்டிருந்தான்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவனே சொன்னான்.

"தெரியும், சாரே. பெட்டியாலண்ணு இவனுவ சொல்லுதானுவ. நான் ஒத்துக்கிடல்ல. டீச்சருக்கு எப்படி வந்துதுண்ணு டிரைவருகிட்ட கேட்டேன். குளுரு, நடுக்கம், பொறவு ஓர்மை கெட்டுப் போறது. எனக்க மவளுக்கும் அதேதான். பொன்னம்மை பெட்டியால சாகல்ல. ரெண்டு பேரையும் எடுத்தது இந்த மலைக்காய்ச்சலு." கொஞ்சம் நிறுத்தினான். "தோட்டத்து ஆபீசுல போய் நிண்ணு கொய்னா கேட்டேன். இப்பம் குடுக்கானுவ. டீச்சர் உயிரோட இருந்து அதக் காதால கேட்டிருக்கணும்."

என்னிடம் இருப்பது அவருடைய கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியில், காய்ச்சல் இறங்கியிருந்த ஒரு பிற்பகல். உதடு வெடித்திருந்தது. தகடுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன என்றேன். தலையசைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்:

"இனி நிறைய மேல போவும், சார். நிலாவுக்கே போவும். யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா போற எல்லாத்துக்கும் அடியில யாருக்க வீடோ ஒண்ணு இருக்கும். உள்ள ஒரு பிள்ளை சுகமில்லாம கிடக்கும். கயித்த விடுதவன் அத நினைக்கணும்."

வருகிற தை மாதம் அவர்கள் மறுபடியும் வருகிறார்களாம். இன்னும் பெரிய பலூன்கள், இன்னும் கனமான பெட்டி. குழாயைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். அதற்கு முன்னால் மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் நடந்து, வீடு வீடாக ஏறி, என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவேன்.