கறிவேப்பிலை தின்ற காற்று

கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் ஒரு பெரிய சாடிக்குள் நிற்கிறது. இந்த ஊர்க் குளிரில் வீட்டுக்கு வெளியே அது பிழைக்காது. நான் அதற்குப் புளித்த மோர் ஊற்றுவேன். அதைக் கண்டால் என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“மோரிலையோ மரம் வளருது? சாடிக்குள்ள மண் அப்பிடியே கிடக்கு, மரம் சீலிங்கைத் தொடுது. அவ்வளவும் எங்கையிருந்து வந்தது, சொல்லும் பாப்பம்?”

“நீங்களே சொல்லுங்கோ.”

“காத்திலையிருந்து. நாங்கள் விடுற மூச்சை எடுத்துத்தான் இலையும் தடியும் செய்யுது. உம்மடை மோர் சும்மா தொட்டுக்கொள்ள மட்டும்தான்.”

படித்த மனிதர், லேசில் விடமாட்டார். நானும் விடவில்லை, மோரை ஊற்றிக்கொண்டேயிருந்தேன்.

போன குளிர்காலம் அவரால் மாடி ஏற முடியாமல் போனது. கட்டிலைக் கீழே இறக்கி, சாடிக்குப் பக்கத்தில் போட்டோம். குளிர் புகாமல் ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அந்த அடைத்த வீட்டுக்குள் அவர் இழுத்து இழுத்து மூச்சுவிட்டார்.

“மரத்துக்கு நல்ல சாப்பாடு நடக்குது, என்ன?” என்று ஒருநாள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இளைக்க இளைக்க அது புதுத் தளிர் விட்டது. அதை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் போல் அப்படி ஓர் ஆத்திரம்.

பிளாஸ்டிக்கைக் கழற்றும் காலம் வருமுன் அவர் போய்விட்டார். அதன்பிறகு அந்தத் தளிர்களை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறிக்கு இலை கடையில்தான் வாங்கினேன்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று காலையில் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் சமைத்தது அவருடைய தங்கை. அழுது வீங்கிய கண்ணோடு அடுப்படியில் நின்றாள்.

“அண்ணி, கடையில வாங்கின இலை காணாதெண்டு மரத்தில ஆய்ஞ்சிட்டன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் ஈர்க்குகள்தான் நின்றன. தன் அண்ணனுக்காகச் சமைக்கிறவளை நான் என்னவென்று ஏசுவது?

“இலைதானே அண்ணி, திரும்ப வளரும்.”

ஓம், வளரும். இனி என் ஒருத்தியின் மூச்சில் வளரும்.

எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எல்லோரும் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். நானும் அவரும் காலமெல்லாம் செய்ததும் அதைத்தான். கடதாசித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் குப்பைப் பைக்குள் போயின. கடைசியாகக் கிடந்த தட்டை நான் இழுத்தெடுத்து, யாரோ ஒதுக்கிய இலைகளைக் கூட்டி அள்ளி வாயில் போட்டேன்.

“அண்ணி, எச்சிலெல்லோ அது!” என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

வாய் நிறைய இலை. மென்றுகொண்டு நின்றேன். விழுங்கத்தான் மனம் வரவில்லை.